ஒரு மூலை ஒட்டடை

"சார், நேத்து சாயங்காலம் எங்க வீட்டு இட்லிப்பூச் செடிக்கு ஹம்மிங்பேர்டு வந்துச்சு!"

திருப்போரூரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி என்னிடம் வந்து சொல்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தையும் காட்டுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில், செடிமேல் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே பூவுக்குள் நீளமாக எதையோ விட்டு உறிஞ்சும் சின்ன உருவம். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். படத்தைப் பெரிதாக்கினால் தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரியும். வந்தது பறவை இல்லை, பருந்து அந்துப்பூச்சி. பச்சை உடம்பும் கண்ணாடி போன்ற இறக்கையும் கொண்ட ஒரு வகை நம் தோட்டங்களில் சர்வசாதாரணம். அதன் புழு காப்பிக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்று வளர்வது. இட்லிப்பூவும் அந்தக் குடும்பம்தான்.

உண்மையைச் சொன்னதும் பலரின் முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. தேன் குடிக்கும் பறவை ஒன்று அதே செடிக்குக் காலையில் வந்து போயிருக்கும். அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஹம்மிங்பேர்டு என்னும் ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பறவை. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே டியரா டெல் ஃபியூகோ வரை முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே இருக்கின்றன. கடல் தாண்டி ஒன்றுகூட இன்று இல்லை. முன்பு இருந்தது என்பதுதான் வியப்பு. ஜெர்மனியில் ஃபிராவன்வைலர் என்ற இடத்துக் களிமண் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடி ஆண்டு பழமையான எலும்புகளை 2004-ல் கெரால்ட் மேயர் என்ற ஆய்வாளர் விவரித்தார். நீண்ட அலகும், அந்தரத்தில் நிற்பதற்கேற்ற தோள் எலும்பும் கொண்ட அந்தப் பறவைக்கு ‘யூரோட்ரோகிலஸ்’ என்று பெயரிட்டார்.

நம் மொழியில் ஒரு குழப்பம் உண்டு. ஹம்மிங்பேர்டு என்ற சொல் வரும் இடமெல்லாம் ‘தேன்சிட்டு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். இரண்டும் வேறு. தேன்சிட்டு காக்கை, குருவி, மைனா ஆகியவை இருக்கும் பெரிய வரிசையைச் சேர்ந்தது. ரீங்காரச் சிட்டின் நெருங்கிய சொந்தம் உழவாரன் குருவி. திருப்போரூரிலிருந்து கிழக்கே நெம்மேலிப் பக்கம் போகும்போது பனைமரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து பறந்துகொண்டே இருக்கிறதே, பனை ஓலையின் அடிப்புறம் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுகிறதே, அந்தப் பனை உழவாரன்தான் அமெரிக்கப் பறவைக்கு நம் ஊரில் இருக்கும் பங்காளி. அதற்குத் தேன் வேண்டாம். காற்றில் பறக்கும் பூச்சியே அதன் உணவு.

ஆக, அங்கே ரீங்காரச் சிட்டு செய்யும் வேலையை இங்கே தேன்சிட்டு செய்கிறது. திருப்போரூர் வட்டாரத்தில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான உடம்பு. ஆணுக்கு மஞ்சள் வயிறு, அரக்கு நிற முதுகு, வெயில் பட்டால் பச்சையாக மின்னும் உச்சந்தலை. ஊதாத் தேன்சிட்டின் ஆண் நிழலில் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு கிளை தள்ளி வெயிலுக்கு வந்தால் நீலமும் ஊதாவும் உடம்பெங்கும் ஓடும். அது சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறித் திரும்புவதால் வரும் நிறம். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டு, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்ச, ஏறக்குறைய பெண்ணைப் போலாகிவிடும். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் இதை நான்காவது வகை என்று குறித்துக்கொள்வதுண்டு.

மூன்றாவதற்கு அலகுதான் அடையாளம். அரிவாள் போல் நீண்டு வளைந்திருக்கும். லோட்டன் தேன்சிட்டு என்று பெயர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டன் பறவைகளை ஓவியமாக வரையச் செய்தவர். 1766-ல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு அவர் பெயரை வைத்தார். ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கும் அதே ஆண்டில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. அதில் இலங்கையின் பெயர் இருக்கிறது.

இந்தப் பறவைகளுக்குச் சர்க்கரை இனிக்கிறது என்பதே பெரிய செய்தி. நமக்கு இனிப்பை உணர்த்துவது நாக்கில் இரண்டு புரதங்கள் சேர்ந்து அமைக்கும் ஓர் ஏற்பி. அந்த இரண்டில் ஒன்றுக்கான மரபணுவைப் பறவைகளின் முன்னோர் எப்போதோ இழந்துவிட்டன. கோழிக்கு முன் சர்க்கரையைப் போட்டாலும் சீந்தாது. அப்படியானால் தேனையே நம்பி வாழும் பறவை எப்படி உருவானது? 2014-ல் மாட் பால்ட்வினும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். இறைச்சியிலும் பருப்பிலும் இருக்கும் அமினோ அமிலச் சுவையை உணர்வதற்கென்று இருந்த வேறோர் ஏற்பியை ரீங்காரச் சிட்டின் உடல் படிப்படியாக மாற்றி, சர்க்கரையை உணரப் பழக்கிக்கொண்டது. 2021-ல் யாஸுகா டோடாவும் பால்ட்வினும் சேர்ந்த குழு அடுத்த செய்தியைக் கொண்டுவந்தது. தேன்சிட்டு அடங்கிய பாடும் பறவைகளின் வரிசையும் இதே ஏற்பியைத்தான் மாற்றியிருக்கிறது, ஆனால் அந்த ஏற்பியின் வேறு இடங்களில், தனியாக. ஒரே பூட்டு, இரண்டு கொல்லர்கள் ஒருவரையொருவர் அறியாமல் செய்த இரண்டு சாவிகள்.

நாக்கு விஷயமும் அப்படியே. ரீங்காரச் சிட்டின் நாக்கு நுண்குழாய்போல் தேனைத் தானாக ஏற்றிக்கொள்கிறது என்று நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தார்கள். 2011-ல் ரிகோ-குவேராவும் ரூபேகாவும் வேகமான கேமராவில் பதிவுசெய்து பார்த்தபோது, அந்த நாக்கின் நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது மூடிக்கொண்டு தேனைச் சிறைபிடிப்பது தெரிந்தது. தேன்சிட்டின் நாக்கோ உண்மையிலேயே குழல். நாம் இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் அது பூவை உறிஞ்சுகிறது.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேற்றுமையை நான் கற்றுக்கொண்டது ஒரு மரத்திடமிருந்து. கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வார்கள். இலையெல்லாம் உதிர்ந்து, தை மாசி மாதங்களில் கிளை நுனியெங்கும் செக்கச்செவேல் என்று பூத்து நிற்கும். ஒரு காலத்தில் வேலிக்கு வேலி நட்டிருந்தார்கள். இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டால் சளிக்கு நல்லது என்பார்கள். இதன் பேரினத்தில் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்களும் செடிகளும் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் சிவந்த பூ, எல்லாவற்றுக்கும் பறவைதான் விருந்தாளி. ஆனால் அமெரிக்காவில் ரீங்காரச் சிட்டை நம்பும் வகைகளின் பூக்கள் ஒல்லியான குழாய்போல் சுருண்டு, காம்பிலிருந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார இடமே இல்லை. வருகிற பறவை அந்தரத்தில் நின்று குடிக்கும், அதற்கு உட்கார இடம் எதற்கு? நம் கல்யாண முருங்கையின் பூக்கொத்தோ கிளைபோல் உறுதியாகப் படுக்கைவாட்டில் நீளும். பறவை கொத்தின்மேல் உட்கார்ந்தபடியே குனிந்து குடிக்கலாம். பூ வாயைத் திறந்து வைத்திருக்கும். தேன் நிறைய, ஆனால் நீர்த்தது. சர்க்கரைகூட வேறு: அமெரிக்கப் பூவில் நாம் காப்பியில் போடுகிற சுக்ரோஸ் மிகுதி; இதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுதி. பேக்கர் என்ற தாவரவியல் தம்பதியர் 1980-களில் இதை அளந்து காட்டினார்கள்.

தேன்சிட்டும் ஓரிரு நொடி இறக்கையடித்து அந்தரத்தில் நிற்கும். ஆனால் உட்கார இடம் கிடைத்தால் உட்காரத்தான் விரும்பும். தென்னாப்பிரிக்காவில் ‘எலிவால்’ என்று அழைக்கும் ஒரு செடி, பூவே பூக்காத ஒரு வெற்றுத்தண்டைத் தேன்சிட்டு உட்காருவதற்கென்றே வளர்க்கிறது. அந்தத் தண்டை ஒடித்துவிட்டால் செடிக்கு விதை குறைகிறது என்று 2005-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது.

கல்யாண முருங்கை இன்று வேலிகளில் அருகிவிட்டது. கம்பி வேலியும் காம்பவுண்டுச் சுவரும் ஒரு காரணம். 2004-ல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட ஒரு சின்னஞ்சிறு குளவி இன்னொரு காரணம். இளந்தளிரில் முட்டையிட்டு இலையையும் காம்பையும் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் அது, சில ஆண்டுகளில் ஆசியா முழுவதும் பரவித் தென்னிந்தியாவையும் தாக்கியது. இருக்கிற மரங்களை வெட்டாமல் காப்பதும், நல்ல மரத்திலிருந்து போத்து வாங்கி நடுவதும் செய்யத் தக்கவை. பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் மனை பிரித்து விற்கும்போது முதலில் போவது இத்தகைய வேலி மரங்கள்தான் என்பது என்னை வருத்துகிறது.

இனி, உணவு வைப்பது பற்றி.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு சிவப்பு பாட்டில் தொங்கும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர் என்பது அங்கே ஊரறிந்த கணக்கு. அதைப் படித்துவிட்டு நானும் அப்படி ஒரு பாட்டில் வாங்கி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டேன். முதல் நாள் மதியமே எறும்பு வரிசை கட்டியது. மறுநாள் மாலை மூடியைத் திறந்தபோது புளித்த வாடை. சித்திரை வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு நாள்கூடத் தாங்காது. நொதித்ததைக் குடித்தால் பறவைக்குக் கெடுதி. கழுவாத பாட்டிலில் வளரும் பூஞ்சை அதைவிடக் கெடுதி. தேனைக் கலந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். சிவப்புச் சாயம் கலக்கவே கூடாது. தென்னாப்பிரிக்காவில் தேன்சிட்டுகள் இத்தகைய பாட்டில்களுக்குப் பழகியிருக்கின்றன, உண்மைதான். தினமும் காலையில் வெந்நீரில் கழுவி, புதிதாகக் கரைத்து வைக்க முடியும் என்றால் நீங்களும் செய்யலாம். ஒரு நாள் தவறினாலும் நன்மை செய்வதாக நினைத்துத் தீங்கு செய்தவர்களாவோம். நான் பாட்டிலை இறக்கிவிட்டேன். ஒரு செம்பருத்திச் செடி அந்த வேலையைக் கழுவாமலே செய்கிறது. தினமும் புதுப் பூ, தினமும் புதுத் தேன்.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குப் பூவை வையுங்கள். அடுக்குச் செம்பருத்தி கண்ணுக்கு அழகு. ஆனால் இதழ்கள் நெருங்கித் தேனுக்குப் போகும் வழியை அடைத்துவிடும். ஒற்றைச் செம்பருத்தியிலும் தேன்சிட்டு முன்வாசலால் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் பூவின் அடியில் அலகால் ஒரு துளை போட்டுக் குடித்துவிட்டுப் போகும். மகரந்தம் அதன்மேல் படாது, பூவுக்கு இதனால் பயன் இல்லை. இதைத் தேன் திருட்டு என்றே அறிவியல் நூல்கள் குறிக்கின்றன.

திருப்போரூர் மண் மேற்கே சற்றுக் கெட்டி, கடல் பக்கம் போகப் போக மணல். இரண்டிலும் வளர்வது முருங்கை. அது பூத்தால் தேன்சிட்டு வராமல் இருக்காது. கொல்லையில் இரண்டு வாழை இருந்தால் பூவின் மடல் ஒவ்வொன்றாக விரியும் நாள்களில் விடியற்காலையிலேயே வந்துவிடும். இட்லிப்பூ முருகனுக்கு உகந்த வெட்சியின் இனம்; கந்தசுவாமி கோயில் இருக்கிற ஊரில் அதை வைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதுளை, கல்வாழை இரண்டுக்கும் தொட்டியே போதும். இடம் பெரிதாக இருந்தால் புரசு மரம். மாமரத்தில் புல்லுருவி பிடித்திருந்தால் முழுவதையும் வெட்டி எறியாமல் ஒரு கொத்தையாவது விட்டுவைக்கச் சொல்வேன். அதன் பூவுக்குத் தேன்சிட்டு வரும். பழத்துக்குத் தேன்சிட்டைவிடச் சிறிய பூங்கொத்திக் குருவி வரும். தோட்டக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். அப்படியும் சொல்கிறேன்.

சாலை நடுவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஓரத்திலும் ஆரஞ்சு நிறக் குழல் பூக்களோடு ஒரு புதர்ச்செடி வைத்திருப்பார்கள். ஹமீலியா என்று பெயர். அமெரிக்காவில் அது ரீங்காரச் சிட்டின் பூ. அந்தப் பறவை இல்லாமல் பூ மட்டும் கடல் கடந்து நம் ஊருக்கு வந்துவிட்டது. காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தை நீட்டி, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒவ்வொரு குழலாகக் குடித்துக்கொண்டிருக்கும். யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. என் வாழ்நாளில் பரிணாமத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இந்தச் செடியருகேதான்.

ஆனால் தேன் பாதிக் கதைதான். தேனில் சர்க்கரை உண்டு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு சதைபிடித்து இறகு முளைக்க வேண்டுமானால் புரதம் வேண்டும். ஆகவே தாயும் தந்தையும் நாள் முழுவதும் சின்னப் பூச்சிகளையும் புழுக்களையும் சிலந்திகளையும் பிடித்துவந்து ஊட்டுகின்றன. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டதும் மருந்தடிப்பவர் தன் வீட்டுத் தேன்சிட்டின் தொட்டிலில் இருக்கும் சாப்பாட்டையே எடுத்துவிடுகிறார். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, முற்றிப்போன கிளையை வெட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தாழ்வாரத்துத் துணிக்கொடியில், அழைப்புமணிக் கம்பியில், சுவரோரம் தொங்கும் கொடியின் நுனியில், குப்பை சிக்கிக்கொண்டதுபோல் ஒரு பை தொங்கும். நாரும் புல்லும் மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும் காகிதக் கிழிசலும் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் வாசல். ஊதாப்பிட்டத் தேன்சிட்டில் பெண்தான் கட்டுகிறது. ஆண் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும். உள்ளே மெத்தை எருக்கம் பஞ்சு. இங்கே காலி மனைகளில் எருக்குக்குப் பஞ்சமில்லை. வெளிர்ப் பச்சை சாயலில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள், ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாப்பு, பிறகு பதினேழு நாள் அளவில் குஞ்சுகள் பறந்துவிடும். இத்தனையையும் தாங்குகிற அந்தப் பையை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எது?

சிலந்தி நூல்.

சிமெண்டும் அதுவே, கயிறும் அதுவே. பசைபோல் ஒட்டும், குஞ்சுகள் வளரும்போது ரப்பர்போல் இழுபட்டு இடம் கொடுக்கும், மழையில் கரையாது. தேன்சிட்டு சிலந்தி வலைக்கு முன் வந்து இறக்கையடித்து நின்று, அலகால் நூலைச் சுருட்டி எடுத்துப் போவதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். லோட்டன் தேன்சிட்டு, கூட்டமாக வாழும் சிலந்திகளின் அடர்ந்த வலைத்திரளுக்குள்ளேயே கூட்டை அமைத்துவிடுவதும் உண்டு. திருப்போரூர்க் காப்புக்காட்டின் முட்புதர்களில் அத்தகைய வலைகளை இன்றும் காணலாம். நம் வீடுகளில்தான் வலை கிடைப்பதில்லை. தேன்சிட்டு வரவேண்டும் என்று பூச்செடியாக வாங்கி வைக்கிறோம்; அது வீடு கட்டத் தேவையான முக்கியப் பொருளை மாதாமாதம் ஒட்டடைக்கோலால் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம்.

கூடு கட்டிவிட்டால் செய்ய வேண்டியவை சொற்பம். குஞ்சுகள் பறந்துபோகும் வரை அந்தக் கொடியில் துணி போடாதீர்கள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். நீங்கள் அங்கே நிற்கும் நேரம் முழுவதும் தாய் இரையோடு வெளியே காத்திருக்கும். பக்கத்தில் நிறுத்தும் ஸ்கூட்டரின் கண்ணாடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் தன் பிம்பத்தையே எதிரியாக எண்ணிச் சோர்ந்துபோகும் வரை கொத்திக்கொண்டிருக்கும். குளிப்பதற்குத் தொட்டி வேண்டியதில்லை. காலையில் கல்வாழை இலைமேல் தண்ணீர் தெளித்துவைத்தால், இலையில் புரண்டே குளித்துவிடும்.

இந்த மாவட்டத்து மக்களுக்குப் பறவையோடு சேர்ந்து வாழ்வது புதிதில்லை. வேடந்தாங்கல் ஏரியில் துப்பாக்கிக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-ல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஊரே சேர்ந்து ஏரியைக் காத்த இடத்தில், தேன்சிட்டு கேட்பது உள்ளங்கை அகல இடம்.

போகிக்கு முன் வெள்ளையடித்து ஒட்டடை அடிப்பீர்கள். அடியுங்கள். கூடமும் அடுக்களையும் சுத்தமாகட்டும். வாசல் தாழ்வாரத்தின் ஒரு மூலையை மட்டும், செம்பருத்திக்குப் பக்கத்து மூலையை, இந்த ஆண்டு தொடாமல் விட்டுவையுங்கள்.